நீங்கியவர் கட்டம்

என் தம்பி ஊரில் உள்ள அத்தனை பேரையும் மூன்று கட்டங்களுக்குள் அடைத்துவிடுவான். அதற்குத்தான் சுகாதார அலுவலகத்தில் அவனுக்குச் சம்பளம். முதல் கட்டத்தில் நோயிடம் இன்னும் மாட்டாதவர்கள். இரண்டாவதில் மாட்டிக்கொண்டவர்கள். மூன்றாவதில் இருப்பவர்களுக்கு அவன் வைத்த பெயர் ‘நீங்கியவர்கள்’. யார் எந்த வேகத்தில் அடுத்த கட்டத்துக்குத் தாவுவார்கள் என்று சமன்பாடு எழுதி, கணினியில் கோடு இழுத்து, அடுத்த மாதம் காய்ச்சல் ஏறுமா இறங்குமா என்று நம்ம துரை சொல்லிவிடுவார். குளியலறையில் சோப்பு தீர்ந்துபோனது மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து “பிரேக்கு! பிரேக்கு!” என்று கத்துவதுதான் பிழைப்பு என்பதால் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைச் சமாதானம் செய்தே பழகியவர், அதனால் எங்கள் இரண்டு பேரோடும் ஒரே வீட்டில் காலம் தள்ளுகிறார்.

தம்பிக்கு மாடி அறை. கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டியதுதான். அலுவலகத்தில் ஒரு பெண் இவனிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். இவனும் அவளை டீக்கடைக்குக் கூட்டிப்போனான். போனவன், முயல் பெருகினால் நரி பெருகும், நரி பெருகினால் முயல் குறையும், முயல் குறைந்தால் நரி பட்டினியில் சாகும், நரி செத்ததும் முயல் மறுபடி பெருகும் என்று பில்லின் பின்பக்கத்தில் இரண்டு அலைகளை வரைந்து காட்டினான். மனசில் இருப்பதைச் சொல்லத்தான் அப்படிச் சுற்றி வளைத்தானாம். அவள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப்போய் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் இவன் பெயர் ‘முயல்’. பிஸ்கட் டப்பா என்று வரும்போது மட்டும் நரி.

அவன் கணக்கைப் பற்றி எனக்கு எப்போதுமே ஒரு மதிப்பு உண்டு. எவ்வளவு மதிப்பு என்று சொல்கிறேன். ஒருநாள் சாப்பிடும்போது, அதில் ஓர் அனுமானம் இருக்கிறது என்றான். ஊரில் எல்லாரும் எல்லாரோடும் ஒரே மாதிரி கலந்து பழகுகிறார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

“ஏண்டா, நானும் என் நாத்தனாரும் பேசி எத்தன வருஷம் ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா? அவ இருக்குற தெருப் பக்கம்கூட நான் வண்டிய திருப்புறதில்ல.”

“அதெல்லாம் சராசரியில சரியாப் போயிடும்க்கா.”

“ஆமா, சராசரியில நானும் அவளும் தோள்மேல கை போட்டுக்கிட்டு சினிமாவுக்குப் போறோம்!”

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவர் தங்கை விஷயத்தில் அவர் வாயைத் திறப்பதில்லை.

இன்னொரு நாள் அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றிக் கேட்டேன். நீங்கியவர் என்றால் யார்?

“குணமானவங்களும், செத்துப்போனவங்களும்.”

“ரெண்டு பேரும் ஒரே எடத்துலயா?”

“ரெண்டு பேரும் இனிமே யாருக்கும் நோயக் குடுக்க மாட்டாங்கல்ல? கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான். மொதல்ல ஆஸ்பத்திரியில தனித்தனியாத்தான் அனுப்பிட்டிருந்தாங்க. நான்தான் சொல்லி ஒண்ணாக்க வெச்சேன். இப்போ கோடு எவ்ளோ அழகா வருது தெரியுமா?”

அடப்பாவி, கோடு அழகாக வருவதற்காகவா என்று கேட்டுவிட்டு நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். எனக்கென்ன வந்தது?

அந்த வருஷக் காய்ச்சல் நுரையீரலைப் பிடித்தது. அது எப்படி ஏறும் என்று அவன் கோடு சொன்னதோ அப்படியே ஏறியது. அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அலுவலகத்தில் கைதட்டினார்களாம். அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து பாதியில் திரும்பிவந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். தம்பி வாசலிலேயே நின்று எட்டிப்பார்த்தான்.

“கணக்குப்படி மாமா இந்நேரம் ரெண்டரை பேருக்குக் குடுத்திருப்பாரு.”

“அந்த அரை ஆளு யாருடா, நீயா?” என்று கத்தினேன். உள்ளே காய்ச்சலிலும் அவர் சிரிப்பது கேட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்குள் யாரையும் விடவில்லை. அவருடைய போன் ஒரு நாளிலேயே உயிரை விட்டது. உதவி எண்ணைக் கூப்பிட்டால் பாட்டுத்தான் பாடியது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே வழி தம்பியின் கணினி. அவன் பார்ப்பது பெயர் இல்லாத நோயாளி எண்களைத்தான் என்றாலும் மாமாவின் எண் எது என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். காலையும் மாலையும் கேட்பேன். “ரெண்டாவது கட்டத்துலதான்க்கா இருக்காரு” என்பான். மாட்டிக்கொண்டவர்கள் கட்டத்தில் என் ஆள் இருக்கிறார் என்பதற்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன பிழைப்பு இது!

ஒரு காலையில் நான் கேட்காமலேயே மாடியிலிருந்து இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, மாமா மூணாவது கட்டத்துக்குப் போயிட்டாரு.”

“அப்படின்னா?”

“தெரியலக்கா.”

“தெரியலன்னா? உன் கட்டம்தானேடா! பிரிச்சுப் பாரு!”

“பிரிக்க முடியாது. இப்போ நீங்கின தேதிய மட்டும்தான் அனுப்புறாங்க. எப்படி நீங்கினாங்கன்னு அனுப்ப வேணாம்னு நான்தான்…”

அவனை அடித்தேன். உண்மையாகவே அடித்தேன், தோளில், முதுகில், கை போன இடத்தில். அவன் ஒதுங்காமல் நின்றான். அப்புறம் டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பேரும் கிளம்பினோம். அதில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. சிவப்பு விளக்கில் நான் நிற்காதபோதெல்லாம் அவன் அதை மிதித்தான். அதற்கும் திட்டினேன். திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இரண்டு வழிகள் இருந்தன. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. சுவர் ஓரமாகப் போய்த் திரும்பினால் பிணவறை. ஊருக்கே அடுத்த மாதத்தைச் சொல்கிற என் தம்பி இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டான்.

“வாடா! என் புருஷன் வீட்டுக்குத்தான் வராரு. இந்தப் பக்கம் வா!” என்று இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு எந்த நிச்சயமும் இல்லை. தொண்டைதான் பெரிது.

வாசலில் காவலாளி ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் ஓர் அம்மா, கையில் துணிப்பை. அதில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை மேலாக இருந்தது. காவலாளி நோயாளி எண்ணைக் கேட்டு, திரையைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, நீங்க அந்தப் பக்கம் போகணும்.”

“அங்க எதுக்குங்க? போன்ல நீங்கியவர்னு சொன்னாங்களே. நோய் நீங்கிடுச்சுன்னுதானே அர்த்தம்? அதான் சட்டை எடுத்துட்டு வந்தேன்.”

காவலாளி குனிந்துகொண்டார். அந்த அம்மா திரும்பி, தம்பியின் கழுத்தில் தொங்கிய சுகாதார அலுவலக அட்டையைப் பார்த்தார்.

“நீங்க இதுலதானே வேல பாக்குறீங்க? நீங்கியவர்னா என்ன சார்? நீங்களாச்சும் சொல்லுங்க.”

அவன் வார்த்தை ஆஸ்பத்திரி போன் வரைக்கும் போயிருந்தது அவனுக்கே தெரியாது. அவன் அந்தப் பையைக் கையில் வாங்கிக்கொண்டான்.

“வாங்கம்மா. நானும் வரேன்.”

இரண்டு பேரும் சுவர் ஓரமாக நடந்து போனார்கள். காவலாளி என் வீட்டுக்காரர் எண்ணைக் கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன்.

“உக்காருங்க. கூட்டிட்டு வருவாங்க.”

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவர் கிடைத்துவிட்டார் என்று அழுதேன். அந்த அம்மாவுக்கு இல்லை என்பது அப்போது எனக்குப் பெரிதாகவே படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பாதியாகிப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். “வண்டிய ஒழுங்கா நிறுத்துனியா?” என்றார். அப்புறம் சுற்றிலும் பார்த்து, “முயல் எங்க?” என்றார். சொன்னேன். அவர் காரில் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். காத்திருந்தோம்.

வெயில் ஏறிய பிறகு தம்பி வந்தான். மாமாவைப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் வண்டியைக் கிளப்பினேன். வீட்டுக்குப் பாதி தூரம் வந்தபோது சொன்னான்.

“அந்த அம்மாவோட பையன் டைல்ஸ் ஒட்டுற வேலை பாத்தானாம்க்கா. சட்டைய அவங்களேதான் போட்டுவிட்டாங்க. கை மடங்கல. நான் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.”