இரண்டு பீல்ட் புக்

1. பதிவுத் தபால்

அழைப்பாணை என் பெயருக்கே வந்தது. மகளுக்குச் சோறு ஊட்டிய கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டு வாங்கினேன். நில அளவையாளர்களுக்கு உரிமம் வழங்கும் சபை, தோட்டத் தொழிலாளருக்குக் கொடுத்த ஏழு பேர்ச் வீட்டுக் காணிகளை அளந்த பீல்ட் புக்கோடு விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தது. வராமல் இருப்பதும் ஆவணத்தை மறைப்பதும் குற்றம் என்று கீழே அச்சிட்டிருந்தது. அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

நான் ஹட்டனில் ஒரு சர்வேயர் அலுவலகத்தில் கிளார்க். தோட்டத்தில் அளந்து எழுதும் பீல்ட் புக் மழையில் ஊறி, அட்டைப்பூச்சி கடித்த இரத்தம் பட்டு வரும். அதைப் பார்த்து வேறொரு புத்தகத்தில் சுத்தமாக எழுதுவது என் வேலை. சர்வேயர் சேர் கையொப்பமிடுவார். அந்தக் காணிகளை அளந்த அன்று சேர் போகவில்லை. உதவியாள் மட்டும் போய் அளந்து எல்லைக் கல் நட்டார். சேர் போனதாகத் தேதி போடச் சொன்னார், போட்டேன்.

கடிதத்தைச் சேரிடம் காட்டினேன்.

“கேட்டது பீல்ட் புக்தானே? சுத்தமா எழுதினத கொண்டு போங்க. அந்த அழுக்கு எதுக்கு புள்ள?”

“சரிங்க சேர்” என்றேன். ஆனாலும் இரண்டையும் பையில் வைத்தேன். கொடுக்கும் துணிவு இருந்ததா என்றால், இல்லை.

2. விசாரணை

கொழும்பில், அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் செல்வராணி அக்கா உட்கார்ந்திருந்தார். தேயிலைக் கொழுந்து பறிப்பவர், அந்தக் காணிகளில் ஒன்று அவருடையது. முறைப்பாடு கொடுத்தவர் அவர்தான்.

“நீங்கதான் எழுதுனீங்களா மிஸ்? எழுத்து முத்து முத்தா இருக்கு. நான் சோறாக்க கட்டுன குசினிதான் பக்கத்து வீட்டுக்காரங்க காணியில நிக்குது.”

உள்ளே சுத்தமான புத்தகத்தை மட்டும் நீட்டினேன். தலைவர் புரட்டிப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: “இது மலையில வச்சு எழுதினதா?”

வேலையை நினைத்தேன், மகளை நினைத்தேன். பிறகு அழுக்குப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்.

“தேதி போட்டது யாரு?”

“நான்தாங்க. அன்னைக்கு சேர் போகல.”

சேரின் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். என் வேலையும் போனது. வேறு சர்வேயர் மறுபடி அளந்ததில் கல் ஆறடி தள்ளி நடப்பட்டிருந்தது உறுதியானது. அந்தக் கல்லை நம்பிக் கட்டிய குசினியைச் செல்வராணி அக்கா இடிக்க வேண்டியதாயிற்று.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். போகாத நாளைப் போனதாக எழுதச் சொன்னால், அங்கேயே மறுத்துவிடுங்கள். அழைப்பாணை வந்த பிறகு நான் உண்மையைச் சொன்னேன். அதற்குள் செல்வராணி அக்கா சுவர் எழுப்பிக் கூரையும் போட்டிருந்தார்.