கல்லுப்பு போட்ட தடுப்பூசிப் பெட்டி

நான் புதுச்சேரியில் சுகாதார நர்ஸ். புதன்கிழமைகளில் அரியாங்குப்பத்தைத் தாண்டி ஒரு மீனவர் தெருவுக்குத் தடுப்பூசி போடப் போவேன். நான் முன்வாசலில் நுழைந்தால் கைக்குழந்தையோடு பின்வாசல் வழியாக ஓடுகிற ஒருத்தி அங்கே இருந்தாள். மீன் விற்கிறவள். மூத்த பெண்ணுக்கு ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்து படாதபாடு பட்டாளாம். அதனால் சின்னவனுக்கு நாலு மாதம் ஆகியும் முதல் ஊசிகூடப் போடவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருந்தாலும் அவளிடம் கெஞ்சினேன். முன்பு பல தடவை குத்தினோம், இப்போது கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்க்கு ஒரே ஊசி, காய்ச்சல் வந்தால் மருந்து தருகிறேன் என்று வாய் வலிக்கச் சொன்னேன்.

ஒரு புதன்கிழமை நான் போவதற்கு முன்பே அவள் மீன்கூடையும் குழந்தையுமாக அங்கன்வாடியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தடுப்பூசிப் பெட்டியை வெயில் படாமல் பார்த்துக்கொள்ள அவளிடமே சொல்லிவிட்டு, மற்ற தாய்மார்களைக் கூப்பிடப் போனேன். பெட்டியை யாரிடமும் விட்டுப் போகக் கூடாது என்பது விதி. பல வருட சர்வீஸில் நான் அதை மறந்த ஒரே நாள் அது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தால் பெட்டியில் கானாங்கெளுத்தி மீன் வாசம்.

"நீங்க வெச்சிருந்த ஐஸ் பாதி கரைஞ்சி கெடந்துச்சிக்கா. எங்கூடை ஐஸ நொறுக்கிப் போட்டு கல்லுப்பும் தூவிட்டேன். சாயங்காலம் வரிக்கும் அசையாது" என்றாள் பெருமையாக.

அந்த ஐஸைக் கொஞ்சம் கரையவிட்டுத்தான் நாங்கள் வைப்போம். இந்த மருந்து உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான் போகும். உப்புப் போட்ட ஐஸில் அத்தனை குப்பியும் கல்லாகியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான் தெருவே கேட்கக் கத்தினேன். குளிரில் ஒரு பொருள் கெட்டுப்போகும் என்பதை அவள் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. முகம் சுருங்கிப் போய் நின்றாள்.

எல்லோரையும் மத்தியானம் வரச் சொல்லிவிட்டு, ஆற்றுப் பாலம் தாண்டி சுகாதார நிலையத்துக்கு ஸ்கூட்டரில் பறந்தேன். ஐஸே தேவைப்படாத தடுப்பூசி வருங்காலத்தில் வரும் என்று ஒரு கூட்டத்தில் எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். வரும்போது வரட்டும், முதல் பெட்டியை இந்தத் தெருவுக்குக் கொடுங்கள் என்று வழியெல்லாம் புலம்பினேன்.

புது மருந்தோடு திரும்பினேன். எல்லாக் குழந்தைகளும் வந்தன, அவளுடையதைத் தவிர. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முன்வாசலும் பூட்டு, பின்வாசலும் பூட்டு. இத்தனை நாள் கெஞ்சி வரவழைத்தவளை என் வாயே விரட்டிவிட்டது. அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது.

அப்போது சுகாதார நிலையத்து மருந்தாளுநர் போன் செய்தார். ஒரு அம்மா கைக்குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறாள், எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸக்கா வந்தால்தான் குழந்தையைத் தொட விடுவேன் என்கிறாளாம். பாலத்தில் நாங்கள் எதிரும் புதிருமாகக் கடந்திருக்கிறோம்.

மறுபடியும் பாலம் தாண்டி ஓடினேன். மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், கூடையைக் காவல் காப்பவள் போல நின்றிருந்தாள். ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்றேன்.

"சரக்கு கெட்டுப்போனா, மீனு எறங்குற எடத்துக்கே போயித்தான் நாங்க வாங்கியாருவோம். கெடுத்தது நானு. நீங்க எதுக்கு அலையணும்?"

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊசியை எடுத்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள். குப்பியை வாங்கி வெளிச்சத்தில் காட்டி, ஒரு குலுக்குக் குலுக்கி, மீனின் செவுளைப் பார்க்கிற அதே கண்ணால் பார்த்தாள்.

"ஒறையல" என்று திருப்பித் தந்துவிட்டு, குழந்தையின் தொடையை என் பக்கம் திருப்பினாள். "போடுக்கா."