அறுந்ததா, நழுவியதா

கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் நான் பிட்டராக இருந்தேன். என் மனைவிக்கு அதே மில்லில் ரீலிங் பக்கம் வேலை. அறுந்த இழையை முடிந்துவிட்டுக்கொண்டே நாள் முழுக்க நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் நானும் அவளுடைய அண்ணனும் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவோம். மச்சான் வால்பாறையில் எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு; சனிக்கிழமை மலையிறங்கி வந்தால் செவ்வாய்க்கிழமைதான் திரும்பிப் போவார்.

அதுவரை தூண்டிலுக்கு எங்களிடம் இருந்தது முறுக்கிய பருத்தி நூல்தான். ஒருமுறை எஸ்டேட் துரை வேண்டாமென்று போட்ட பட்டுக் கயிறு ஒரு சுற்றும், பெரிய தூண்டில் முள் ஒன்றும், கண்ணாடிபோல் மின்னும் நரம்பு இரண்டு முழமும் மச்சான் கொண்டுவந்தார். பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்து எடுப்பதாம் அந்த நரம்பு. தண்ணீரில் அது மீனின் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கயிற்றுக்கும் முள்ளுக்கும் நடுவே அதைக் கட்டவேண்டும் என்றார்.

முள்ளை நான்தான் கட்டினேன். பருத்தி நூலுக்குப் போடும் அதே முடிச்சு. காலை ரயிலில் மேட்டுப்பாளையம் போய் இறங்கி, பவானிக் கரையில் உட்கார்ந்தோம். பத்து மணி வாக்கில் பெரிய கெண்டை ஒன்று கடித்தது. கோல் மச்சான் கையில் இருந்தது. மீன் நடு ஆற்றுக்கு ஓடியது, அவர் இழுத்தார், கயிறு தொய்ந்துவிட்டது. நரம்பு மட்டும் திரும்பி வந்தது, முள் இல்லை.

அவர் வெடுக்கென்று இழுத்து அறுத்துவிட்டதாக நான் சொன்னேன். சொன்னதோடு விடாமல், லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கைக்குத் தூண்டில் எதற்கு என்றும் கேட்டுவிட்டேன். அவர் கயிற்றைச் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். திரும்பும்போது வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அவளுடைய அண்ணன் செய்ததைச் சொன்னேன். அவள் நரம்பை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது அறுந்ததில்லீங்க. அறுந்திருந்தா நுனி பிசிறு தட்டியிருக்கும். சுருண்டுக்கிட்டு நிக்குது பாருங்க, முடிச்சு நழுவியிருக்குது” என்றாள். நரம்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “முடிச்சுப் போட்டது யாருங்க?” என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் நரம்பில் வாளியைக் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்தோம். என் முடிச்சைப் போட்டு, அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். நாலாவது சொம்பில் நழுவி வாளி கீழே விழுந்தது. பருத்தி இழை சொரசொரப்பு, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். வழுவழுப்பான நரம்பு அப்படி இல்லை என்றாள். இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டி இறுக்கியபோது, காய்ந்த நரம்பு படக்கென்று ஒடிந்தது. அப்புறம் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, மெதுவாக இறுக்கினாள். அரை வாளி தண்ணீர் தாங்கியது. பட்டுக் கயிறும் வழுக்குகிறதே என்று, நரம்போடு அதைச் சேர்க்கும் இடத்தில் கயிற்றை இரட்டையாக மடித்து முடிந்தாள்.

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி, தப்பு என் முடிச்சில்தான், நான் பேசினது சரியில்லை என்று சொன்னேன். அவர் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

“நானும் வெடுக்குனு இழுத்துப்போட்டனுங்க மாப்ள. உள்ள வாங்க, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்” என்றார்.

அவர் அடுத்தமுறை மலையிறங்கி வந்தபோது மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம். முள் எங்களுடைய பழைய முட்கள், முடிச்செல்லாம் அவள் போட்டது. முதலில் கடித்தது வாளை. பல்லாலே நரம்பைக் கத்தரித்துக்கொண்டு போய்விட்டது. வெட்டுப்பட்ட நுனியை மச்சான் அவளிடம் நீட்டினார். அவள் பார்த்துவிட்டு, முடிச்சுக்கு மேலே அறுந்திருக்கிறது என்றாள். வாளைக்கு வீணைக் கம்பிதான் சரிப்படும், அதை முடிச்சுப் போடாமல் மடித்து முறுக்கவேண்டும் என்பது பிற்பாடு நாங்களாகக் கண்டுகொண்டது.

மீதி நரம்பில் மத்தியானம் ஒரு கெண்டை வந்தது. மச்சான் இழுக்கவே இல்லை. அது ஓட ஓடக் கயிறு விட்டுக்கொண்டே கரையோடு நடந்தார். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன். ரயில் காரமடை தாண்டும்வரை, பெட்டியில் இருந்தவர்கள் அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.