இலட்சுமிப்பிள்ளையின் கலியாணப் பதிவு

அல்லைப்பிட்டி மாக்கிறேற்றுக்கு ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க ஏலாது. கருவாடு காயப்போடுகிற இடத்திலும் நாலு பேரை மறித்து விடுத்து விடுத்துக் கேட்பாள். விடுப்புக்காரி என்று ஊரில் பட்டம். சொல்லட்டும், சொல்கிறவர்களுக்கு வேறென்ன வேலை?

ஐம்பத்திரண்டு வயதாகியும் அவளுக்குப் பிடிபடாமல் கிடந்தது தன் வீட்டு விஷயம்தான். ஐயா இராயப்பு கத்தோலிக்க வேதக்காரர், கடற்றொழில். அம்மா இலட்சுமிப்பிள்ளை வேலணைச் சைவக் கமக்கார வீட்டுப் பெண். இரண்டு பேரும் முறையாய்க் கலியாணம் முடித்தவர்களோ இல்லையோ? பிறப்புப் பத்திரத்தில் அதற்குரிய இடத்தில் வெறும் கோடு. அவளுக்கு நாலு வயதில் ஐயா கடலோடு போய்விட்டார். அடுத்த வளவில் இருந்த ஐயாவின் தங்கச்சி அந்தோனியம்மா, "அண்ணை சும்மா கூட்டிக்கொண்டு வந்தவர்" என்று சந்தி சந்தியாய்ச் சொல்லித் திரிந்தாள். அம்மாவைக் கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அம்மா கண்ணை மூடினாள். அதன்பிறகு யாரைக் கேட்பது?

சண்டை ஓய்ந்திருந்த 2004இல், வேதக் கோவில்களின் பழைய கலியாணப் பதிவுகளை ஆயர் இல்லத்தில் படமெடுத்துக் கொம்பியூட்டரில் ஏற்றியிருக்கினமாம் என்று காதில் விழுந்தது. அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆயர் இல்லத்தில் வேலை செய்த றஞ்சனி பெயரை அடித்துப் பார்த்தாள். தீவுப்பகுதியில் மட்டும் நாற்பத்தொரு இராயப்பு. ஒருவர் பக்கத்திலும் இலட்சுமிப்பிள்ளை இல்லை.

"இல்லையக்கா" என்றாள் றஞ்சனி.

மாக்கிறேற் கதிரையை விட்டு எழும்பவில்லை. "தங்கச்சி, இது கோவிலுக்குள்ளை முடிச்ச ஆக்களின்ரை புத்தகமெல்லே. சைவப் பொம்பிளையை முடிச்சா எங்கை எழுதுவினம்?"

றஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு ஆயரிட்டை அனுமதி எடுக்கோணும். அனுமதிப் பத்திரங்கள் வேறை கட்டு. அதுக்கு இன்னும் பெயர் அடிக்கேல்லை, வெறும் படமாக் கிடக்கு. ஒவ்வொண்டாத்தான் பாக்கோணும்."

"பாப்பம்."

மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். ஆரை ஆர் முடித்தது, ஏன் அனுமதி என்று மாக்கிறேற் பிறத்தியாரின் கதையையும் விடாமல் கேட்டாள். நூற்றுச் சொச்சமாவது படத்தில் றஞ்சனியின் கை நின்றது. இராயப்பு, இலட்சுமிப்பிள்ளை. 1951, மாசி மாதம். மாக்கிறேற் பிறக்க ஒரு வருஷத்துக்கு முந்தி.

"பெண் மதம் மாற இசையவில்லை. ஆண் பெண்ணைக் கைவிட இசையவில்லை. அனுமதிக்கலாம்" என்று வாசித்தாள். கீழே, பங்குச் சுவாமியார் தன் வீட்டு அறையில் கலியாணத்தை நடத்திவைத்த குறிப்பும் கைநாட்டுகளும் இருந்தன. மாக்கிறேற் வாய்விட்டு அழுதாள். இவ்வளவு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை.

"சாட்சிக்குக் கைநாட்டு வைச்சது மாப்பிள்ளையின்ரை தங்கச்சியாம். அந்தோனியம்மா."

அழுகை அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நேரே மாமி வீட்டுக்குத்தான் போனாள். எழுபத்தெட்டு வயது அந்தோனியம்மா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மாக்கிறேற் கடதாசியை நீட்டி, அதில் இருந்ததைச் சொன்னாள்.

"ஓம், வைச்சனான். அண்ணை கேட்டவர்."

"பிறகேன் மாமி ஊரெல்லாம் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

மாமி கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கடை வேதத்துக்கு வரமாட்டன் எண்டு நிண்டவளெல்லே. எனக்கு ஆத்திரம். ஒருக்கா வந்து, 'நீ சாட்சி வைச்சனியெல்லே, சொல்லு' எண்டு கேட்டாளெண்டால் சொல்லியிருப்பன். பக்கத்து வளவிலை இருந்தும் கடைசிவரைக்கும் கேக்கேல்லைப் பிள்ளை."

மாக்கிறேற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியின் கழுத்தைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலிருந்தது.

மாமி மீன் கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் கடதாசியை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"இதிலை அவளின்ரை கைநாட்டு எது பிள்ளை?"