கால் காப்பு

எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் பெயர் ஒரு ஓட்டப் பந்தயத்துக்குப் போனது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடுகிற ஓட்டம் இல்லை அது. கையில் ஒரு வரைபடமும் காம்பஸும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். காட்டில் அங்கங்கே கட்டியிருக்கும் கொடிகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கொடியிலும் அட்டையில் ஒரு துளை போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். ஓரியன்டீரிங் என்று பி.டி. மிஸ் சொன்னார். அது எங்கள் வாயில் நுழையவில்லை. கொடி ஓட்டம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

மலையிலேயே தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் எங்களுடையது. மொத்தப் பள்ளிக்கும் இரண்டு பெண்கள் தேர்வானோம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் கிடையாது. அப்பா கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவருகிற எந்தச் சொல்லும் வீட்டில் சட்டம் மாதிரி. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் பேசுவேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"முழுக்கால் உடையும் கால் காப்பும் கட்டாயம். ரெண்டும் இல்லன்னா காட்டுக்குள்ள உடமாட்டாங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நேராகச் சாமைப் பானையிடம் போனாள். அடியில் கைவிட்டுத் துழாவி ஒரு துணி முடிச்சை எடுத்தாள். அவள் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிக் காப்பு. சாமை உமி ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பில் தேய்த்துவிட்டு என் காலில் மாட்டிப் பார்த்தாள். பெரிய இடத்துக்குப் போகிற பெண் வெறுங்காலோடு போகக்கூடாது என்று பள்ளிக்கூடமே சொல்லிவிட்டதில் அவளுக்கு அவ்வளவு திருப்தி.

பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தை, அப்பாவின் தங்கை, எட்டிப் பார்த்தாள்.

"அதில்ல அண்ணி. மாரியம்மனுக்குக் கட்டுவாங்களே, அந்தக் காப்பா இருக்கும். நல்லபடியா ஓடிட்டு வரணும்னு மஞ்சக் கயிறு கட்டி அனுப்பறாங்க."

"அத கால்லயா கட்டுவாங்க? சாமி குத்தம் ஆயிடும்."

"அதான் எனக்கும் ஒன்னும் புரியல. காப்பு கட்டிட்டா எல்லையவே தாண்டக் கூடாது. இவ எப்டி போளூர் வரிக்கும் போவா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எது என்று தெரியாது. மிஸ் சொன்னபோது நானும் கொலுசு மாதிரி எதையோதான் நினைத்திருந்தேன். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை. "அதெல்லாம் கவர்மென்ட் காப்பு" என்று சொல்லிவைத்தேன்.

மூலையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் கேட்டார்.

"முள்ளுக்குக் கட்றதா பாப்பா? கரண்டையிலேந்து முட்டி வரிக்கும்?"

கேட்டதும் எனக்கே புரிந்துவிட்டது. ஆமாம், முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன் என்றேன். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபடி கயிற்றுக்குத் திரும்பிவிட்டார். அம்மா என் காலிலிருந்த வெள்ளியைக் கழற்றிச் சாமைக்குள் புதைத்தாள்.

மறுநாள் நானும் அம்மாவும் ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவுக்குப் போனோம். முதல் கடையில் லெக்கின்ஸ் எடுத்துப் போட்டார்கள். கடைக்காரர் இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார், ரப்பர் மாதிரி நீண்டது. நான் அதை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த வேலியில் ஒரு முள்ளில் மெல்ல வைத்துப் பார்த்தேன். முள் இந்தப் பக்கம் வந்துவிட்டது. துணியில் விழுந்த ஓட்டையை விரலால் நீவி மறைத்து, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். ஜீன்ஸ் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். நனைந்தால் காலைப் பிடித்து இழுக்குமாம். முள் தைக்காத துணி வேண்டும், ஆனால் கனக்கக் கூடாது. இதை நான் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொரு கடையிலும் சொன்னேன். சுடிதார் பேன்ட் காற்றடைத்துக்கொள்ளும். பையன்கள் பேன்ட் இடுப்பில் நிற்காது. என்னோடு தேர்வான பெண்ணுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் இருந்தான். அவளுக்கு ஏற்கெனவே பார்சல் வந்துவிட்டது.

கடைசிக் கடையில் இருந்தவர் என் பாடத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"காட்டுல ஓடறதுக்காம்மா? யாரு தொரத்தறாங்க?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். துணி கிடைக்காத வருத்தம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அழுதேன். என் பெயரை எடுத்துவிட்டு வேறு பெண்ணைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பொய் இல்லை. திங்கட்கிழமை காலையில் உடுப்போடு வரவில்லையென்றால் அதுதான் நடக்கும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

அப்பா எழுந்து பரணில் கைவிட்டார்.

"அத எடுக்காதீங்க" என்றாள் அம்மா.

அவர் எடுத்துவிட்டார். யூரியா சாக்கில் சுற்றிய ஒரு மூட்டை. உள்ளே கரும்பச்சை நிறத்தில் ஒரு பேன்ட் இருந்தது, கெட்டித் துணி, ஆனால் கையில் எடுத்தால் எடையே இல்லை. கூடவே லாரித் தார்ப்பாயில் வெட்டிய இரண்டு துண்டுகள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சுற்றிவர அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, சைக்கிள் டியூப் பட்டைகள் வைத்திருந்தார்கள். அப்பா கேட்டாரே, முள்ளுக்குக் கட்டுவது, அதேதான். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அந்த மூட்டை அப்பா கட்டட வேலைக்குப் போகும்போது கொண்டுபோவது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சாமை அறுப்பு முடிந்ததும் மேஸ்திரி வந்து கூப்பிடுவார், அப்பாவும் ஊரில் சிலரும் போவார்கள், சில வாரம் கழித்து இளைத்துத் திரும்புவார்கள். உண்மையில் பக்கத்து மாநிலக் காட்டில் செம்மரம் வெட்டும் வேலை அது. எங்கள் பக்கத்தில் யாரும் அதை அந்தப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. பிடிபட்டால் சிறை. பக்கத்து ஊரிலிருந்து போன ஒருவர் திரும்பவே இல்லை. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது கட்டட வேலை மட்டும்தான். செங்கல் தூக்குகிறவருக்கு முள்ளுக்குக் கட்டுகிற தார்ப்பாய் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

"எம்பொண்ணு கால்ல அத கட்டாதீங்க" என்றாள் அம்மா. "வேற யாராவது போவட்டும். இவ போவ வேணாம்."

ஆம்பிளை பேன்ட் என்பதால் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "இப்பல்லாம் பொண்ணுங்க பேன்ட் போடலாம்மா. போலீஸ்ல கூட பொண்ணுங்க பேன்ட்தான் போட்டுகினு ஓடறாங்க" என்றேன். நான் இன்னும் எதையாவது சொல்லி அவளை வழிக்குக் கொண்டுவர நினைத்தேன். காட்டில் வழி தவறினால் ஊதுவதற்கு என்று மிஸ் ஆளுக்கொரு விசில் கொடுத்திருந்தார். கழுத்தில் மாட்டியிருந்த அதை எடுத்து, இது எவ்வளவு பெரிய பந்தயம் என்று காட்டுவதற்காக, மூச்சைப் பிடித்து ஓங்கி ஊதினேன்.

திரும்பிப் பார்த்தால் மூட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா இல்லை. பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அவர் வெளியே வேலியோரம் குந்தியிருந்தார், தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறக்கிக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்தார். அதற்காகவே வந்தவர் போல மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துவிட்டு உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். நல்ல விசில்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அத்தை வீட்டுக்குப் போய்க் கத்திரிக்கோலோடு திரும்பினாள். "எழுந்து நில்லுடி" என்றாள். பேன்ட்டை என் இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் துணியை வெட்டுவதில்லை. பெரிதாக இருந்தால் உள்ளே மடித்துத் தைப்போம். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவோம். என் பாவாடைகளில் எத்தனை வயது பெரியவளானேன் என்று பழைய தையல் தடங்களை வைத்தே சொல்லிவிடலாம். நூலைக்கூட பிரித்துச் சுற்றி வைப்பாள் அம்மா.

"மடிச்சுத் தை" என்றார் அப்பா. "அப்பால பிரிச்சுக்கலாம்."

அம்மா என்னைக் கேட்டாள். "மிஸ் இன்னா சொன்னாங்கோ? கனக்கக் கூடாதுன்னு தான?"

"ஆமா."

"மடிச்சு வெச்சா கனக்குமா கனக்காதா? நீ படிச்சவ, நீயே சொல்லு."

படிச்சவ என்று அம்மா என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து நின்றேன். "கனக்கும்" என்றேன்.

அவள் வெட்டினாள். கணுக்காலில் வெட்டினாள், இடுப்பில் வெட்டினாள், தொடையின் அகலத்தில் இரண்டு பக்கமும் வெட்டினாள். எனக்கு அவ்வளவு வெட்டத் தேவையில்லை. "இன்னாம்மா, நான் வளருவேன்ல, கொஞ்சம் உடு" என்றேன். அவள் காதில் விழவில்லை. அப்பா கையை நீட்டினார், ஏதோ தடுக்கப்போகிறவர் போல. பிறகு அந்தக் கையாலேயே தார்ப்பாய்த் துண்டுகளை எடுத்து அவள் பக்கம் தள்ளிவைத்தார். அவற்றையும் வெட்டினாள். தார்ப்பாய் சுலபத்தில் அறுபடாது. கத்திரிக்கோலை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். விழுந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அடுப்பில் போட்டாள். வீடெல்லாம் தார் நாற்றம். அத்தை ஓடிவந்து இன்னா எரியுது என்று கேட்டாள்.

"ஒன்னுமில்ல. பொண்ணுக்குத் துணி தைக்கறேன்" என்றாள் அம்மா. அவளிடம் சாக்குத் தைக்கிற கோணூசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். அடுப்பு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமா சந்தோஷமா என்று சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை மிஸ் என் காலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். என் பெயர் பட்டியலில் நின்றது.

பந்தயம் மலைக்குக் கீழே, போளூர்ப் பக்கத்து அடிவாரக் காட்டில் நடந்தது. உள்ளே விடுமுன் பந்தயம் நடத்துகிற அம்மா ஒருவர் வரிசையாகக் குனிந்து எல்லோர் காலையும் சோதித்தார். நகரத்துப் பிள்ளைகள் கடையில் வாங்கியதைக் கட்டியிருந்தார்கள். என்னிடம் வந்ததும் தார்ப்பாயைத் தட்டிப் பார்த்து, டியூப் பட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"யாரு தைச்சது?"

"எங்கம்மா."

"போ."

ஓடினேன். காரை முள்ளும் சூரை முள்ளும் தார்ப்பாயில் சரசரவென்று உரசிக்கொண்டு பின்னால் போயின. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. முள்ளைப் பார்க்காமல் வரைபடத்தையும் காம்பஸையும் மட்டும் பார்த்து ஓடுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு கொடியைத் தவறவிட்டுத் திரும்பிப் போய்த் தேடியதில் நேரமாகிவிட்டது. பரிசு எதுவும் வரவில்லை. ஆனாலும் எல்லாக் கொடியையும் கண்டுபிடித்தவள் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் என் பெயர் போட்டு வந்த முதல் தாள் அது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சான்றிதழைப் பார்க்கவில்லை. என் கால்களை மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்து, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கீறலே இல்லை என்றதும் பேன்ட்டைத் துவைத்துக் கொண்டுபோய், ஜீப்புகள் போகிற பாதையைப் பார்த்த முன்பக்க வேலியில் விரித்துப் போட்டாள். தார்ப்பாய்களைப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

அது காய்ந்துகொண்டிருக்கும்போதே மேஸ்திரி பைக்கில் வந்தார். அப்பா வாசலில் நின்றார், அம்மா அவருக்குப் பின்னால் நின்றாள்.

"இன்னா மச்சான், எல்லாம் ரெடியாகீதா? வெள்ளிக்கெழம வண்டி வருது."

அப்பா திரும்பி வேலியைப் பார்த்தார். மேஸ்திரியும் பார்த்தார். பைக்கிலிருந்து இறங்கிப் போய்ப் பேன்ட்டின் காலைப் பிடித்து நீட்டினார். அவர் முழங்கால் அளவுக்குத்தான் வந்தது.

"இன்னாது இது?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "என்னுது. கொடி ஓட்டத்துக்கு. அப்பாது பெருசா இருந்துது, அம்மா வெட்டித் தைச்சுக் குடுத்தாங்க."

மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார்.

"புள்ளைக்கு ஆயிப்போச்சு" என்றார் அப்பா.

மேஸ்திரி இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் துணியைப் பிடித்தபடி நின்றார். வேறு ஏற்பாடு பண்ணிக்கலாம் மச்சான் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார், ஆமாம் என்றல்ல. அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். பைக் சத்தம் வளைவில் மறைகிறவரை அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் பந்தய உடுப்பைப் பார்ப்பதற்காக ஒருவர் பைக் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்வரை வந்துபோனார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.