பாடாமல் நடித்த பொப் பாடகர்

இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டில் நேற்று மத்தியானம் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போனது. துறவியாக நடித்தவரைக் காட்டி, "இவர் அந்தக் காலத்துப் பொப் பாடகர்," என்றார் வீட்டுக்கார அம்மாவான சினியோரா.

எனக்கு யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. வானொலியில் துள்ளல் பாட்டுப் பாடும் ஒருவர் அறுபதுகளில் நடித்த பக்திப் படத்தைத் திரும்பவும் போட்டார்கள். சின்னம்மா வற்புறுத்தி அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனாள். தம்பி காய்ச்சலில் இறந்து சில மாதங்கள்தான். அம்மா அதுவரை அழவில்லை. சாமியறைப் பக்கமும் போகவில்லை.

தியேட்டர் முழுக்கச் சுருட்டுப் புகையும் கச்சான் கடலை வாசமும். பாடகர் திரையில் தோன்றியதும் விசில் பறந்தது. ஆனால் அவர் ஒரு பாட்டும் பாடவில்லை. இறந்த மகனைத் தோளில் சுமந்து கோயில் வாசலுக்கு வந்தார். பிள்ளையின் தலைமயிரைக் கோதிவிட்டு, "ஏன் எடுத்தாய்?" என்று மெதுவாகக் கேட்டார். எத்தனையோ பேரை ஆடவைத்த அந்தக் குரல் அதில் உடைந்தே போனது. விசிலடித்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

அம்மா விம்மத் தொடங்கினாள்.

"வெளியிலை போவமே அக்கா?" என்றாள் சின்னம்மா.

"வேண்டாம். நான் கேக்க நினைச்சதை அவர் கேக்கிறார்."

அன்று பின்னேரம் அம்மா சாமியறைக்குள் போய், தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி நெடுநேரம் கதைத்தாள்.

"நல்லா நடிக்கிறார், என்ன?" என்று சினியோரா கேட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கொரு தம்பி இருந்தான் என்று இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரிடம் சொன்னேன்.