என் கை பட்டதும் மறைந்த அவர் கை

போன வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள ஃபிசியோதெரபி நிலையத்தில் நடந்தது இது.

என் கணவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் வருத்தம் வந்து நாலு வருடம். நடுக்கத்தைவிட விரல்கள் சொல்வழி கேட்காததுதான் பெரிய தொல்லை. ஒரு சேர்ட் பொத்தான் பூட்ட மூன்று நிமிடம் எடுப்பார். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வாசலில் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்ததும், "விடுங்கோ, இங்க தாங்கோ" என்று அவர் கையைத் தட்டிவிட்டு நானே பூட்டிவிடுவேன். சோறு குழைத்துக் கொடுப்பது, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிப்பது, எல்லாம் நான்தான். சொந்தக்காரர் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல?

விரல்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் இருக்கிறதும் போய்விடும் என்று டொக்டர் எச்சரித்துத்தான் அந்த நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே கண்ணை முழுக்க மூடும் ஒரு கருவியைத் தலையில் மாட்டுவார்கள். மாட்டியவருக்கு முன்னால் ஒரு மேசை, சின்ன உருண்டைகள், ஒரு கிண்ணம் எல்லாம் தெரியும். உண்மையில் அங்கே வெறும் காற்றுதான். கருவியிலுள்ள கமெரா அவருடைய கைகளைப் பார்த்து, உள்ளேயும் அதே மாதிரி இரண்டு கைகளைக் காட்டும். அந்த விரல்களால் உருண்டையைக் கிள்ளி எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். அவர் காண்பதெல்லாம் எங்களுக்குச் சுவரிலிருந்த டீவியில் தெரியும்.

இரண்டு நாள் போய்வந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "சின்னப் பிள்ளையள்ட விளையாட்டு. இண்டைக்குக் கடைசி, இனி வரமாட்டன்" என்று சொல்லித்தான் மூன்றாம் நாள் வந்தார்.

அன்றைக்கு ஓர் உருண்டை கிண்ணத்தின் விளிம்புவரை போவதும் கீழே விழுவதுமாக இருந்தது. ஐந்து தரம் விழுந்தது. அவருடைய கழுத்தெல்லாம் வியர்வை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அவர் வலது கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கிண்ணத்துப் பக்கம் இழுத்தேன்.

டீவியில் அவருடைய வலது கை காணாமல் போனது. மேசை இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, இடது கையும் இருக்கிறது. வலது கை மட்டும் இல்லை.

"ஐயோ, என்ட கை எங்க?" என்று கத்தினார்.

பயிற்சி கொடுக்கும் பிள்ளை ஓடி வந்தாள். "அன்ரி, கையை எடுங்கோ. நீங்க பொத்திப் பிடிச்சா கமெராவுக்கு அங்கிள்ட கை தெரியாது."

அவள் மெஷினைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் சுரீரென்றது. கையை எடுத்தேன். டீவியில் அவர் கை திரும்ப வந்தது.

"நீர்தானே? வீட்டிலயும் இப்பிடித்தான்" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வெளியே போய், யாரும் பார்க்காமல் அழுதேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "விழுந்திட்டுது! கிண்ணத்துக்குள்ள விழுந்திட்டுது!" என்று அவருடைய சத்தம் கேட்டது. திரும்பும்போது, அடுத்த வகுப்பு எத்தனை மணிக்கு என்று அவரே கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிடும்போது நான் கட்டிலில் இருந்தபடி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே அமுக்கி வைத்துக்கொண்டேன். அவர் சேர்ட்டைப் பூட்டத் தொடங்கினார். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார், மணிக்கூடு ஓடுகிறது, என் வாய் ஜெபமாலை சொல்லுகிறது. இருபது நிமிடம்! கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் பாதி முடிந்துவிட்டது. வாழ்க்கையில் பூசைக்குப் பிந்தாத நான் பின்வரிசையில் நின்றேன். அவர் பொத்தான் ஒன்றை மாறிப் பூட்டியிருந்ததால் சேர்ட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சனம் திரும்பிப் பார்த்தது. சரிசெய்ய என் விரல் துடித்த துடிப்பு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அவர் என் காதுக்குள் குனிந்தார். "எல்லாம் நானே பூட்டினது, பார்த்தனீரோ?"

"ஓம், பார்த்தனான்" என்றேன்.

பார்க்கின்சன் வருத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்த அவருடைய கையை, அன்பென்று நினைத்து நானும் சேர்ந்து எடுத்துக்கொண்டிருந்தேனே என்று நினைக்கும்போது, அவருக்காகச் சும்மா இருப்பதுதான் நான் இன்றும் படித்து முடிக்காத பெரிய பாடமாகத் தெரிகிறது.